சில்வியூ உட்கார்ந்த ஓட்டுச்சாவடி

எங்கள் ஊர் லுங்கா ஆல்பாவில் கார் ஓட்டத் தெரிந்த எல்லோரையும் சில்வியூ ஒரு தடவையாவது திட்டியிருக்கிறான். அதில் மேயரின் மனைவி உண்டு, கால்நடை டாக்டர் உண்டு, பாதிரியார் இலாரியோனும் உண்டு. எங்கள் ஊரில் இருக்கிற ஒரே டிரைவிங் ஸ்கூல் அவனுடையதுதான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவன் "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவர்களுக்கும் கேட்கும். திட்டி முடித்ததும் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பான். அதனால் யாரும் அவனிடம் நிரந்தரமாகக் கோபித்துக்கொண்டதில்லை.

அவன் வீடு செங்கல் சூளையைத் தாண்டி. அந்த வீட்டில் கொர்னேல் என்று ஒருவன் பதினாலு வருஷமாக இருக்கிறான். ஊரில் அவனை "வாடகைக்கு இருக்கிறவர்" என்பார்கள். இந்த வாடகைக்காரர் வீட்டுக்குப் புது ஓடு போட்டார். திராட்சைப் பந்தல் கட்டினார். வீட்டுக்காரன் ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பினால் தெரு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். ஈஸ்டருக்கு இரண்டு பேரும் சர்ச்சுக்கு ஒரே சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் வைத்து மந்திரித்துக்கொண்டு வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டுமே என்கிற சோம்பல்தான்.

கொர்னேல் வேன் ஓட்டுகிறவன். வாரா வாரம் இத்தாலிக்குப் போய் வருவான். ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் டூரினில்தான் வேலை பார்க்கிறார்கள். போகும்போது வேனில் ஆட்களும், அம்மாக்கள் கொடுத்துவிட்ட தொத்திறைச்சியும் போகும். வரும்போது ஆட்களும், பிள்ளைகள் கொடுத்துவிட்ட சோப்புத்தூளும் காபியும் வரும். சொந்தப் பிள்ளையை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற வீடுகளில் கொர்னேலை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் அக்டோபரில், நாடு முழுக்க, சனி ஞாயிறு இரண்டு நாளும் நடக்கிற மாதிரி, ஒரு வாக்கெடுப்பு வந்தது. கல்யாணம் "தம்பதிகளுக்கு" இடையே நடப்பது என்று அரசியல் சாசனத்தில் இருக்கிறதாம். அதை "ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும்" என்று மாற்றலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஆணும் ஆணும் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது என்று சட்டத்தில் முன்னாலேயே இருந்தது. முடியாததை இன்னும் கொஞ்சம் முடியாததாக்க ஒரு வாக்கெடுப்பு. வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேராவது வந்து போட்டால்தான் அது செல்லும். அதனால் மாற்ற வேண்டாம் என்றவர்கள், "வீட்டை விட்டே கிளம்பாதீர்கள்" என்று பிரசாரம் செய்தார்கள். சில்வியூவும் கிளம்புவதாக இல்லை. அப்போதுதான் அக்லாயா டீச்சர் போன் செய்தார்.

அக்லாயா டீச்சர் ஊர் முழுவதற்கும் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். எந்தத் தேர்தல் வந்தாலும் எங்கள் சாவடிக்கு அவர்தான் தலைமை. பக்கத்தில் சில்வியூ உட்கார்ந்து சீட்டு கொடுப்பான். அப்படித்தான் வழக்கம்.

"சில்வியூ, சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஸ்கூல் ஜிம்முக்கு வந்துடு. சுத்தமான சட்டை போட்டுக்கோ."

"டீச்சர், இந்தத் தடவை என்னை விட்டுடுங்களேன்."

"ஏன், காய்ச்சலா?"

"இல்ல."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல டீச்சர். விஷயம் எப்படின்னா…"

விஷயம் எப்படி என்று டீச்சருக்கும் தெரியும்.

"விஷயம் எப்படி இருந்தாலும் சீட்டு குடுக்க ஆள் வேணும். உன் கையெழுத்து ஒண்ணுதான் படிக்கற மாதிரி இருக்கு. ஆறு மணி." வைத்துவிட்டார்.

வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த கொர்னேல் இதைக் கேட்டதும் கையில் இருந்த தொத்திறைச்சிப் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"நம்மளை ஒரு குடும்பமா ஒத்துக்கலாமா வேணாமான்னு கேக்கறாங்க. பதில் சொல்ல வர்றவனுக்கு நீ பேனா எடுத்துக் குடுக்கப் போறியா?"

"பேனா இல்லடா. முத்திரை."

"அடேங்கப்பா, ரொம்ப வித்தியாசம்!"

"டீச்சர்கிட்ட முடியாதுன்னு நீ சொல்லு. போன் போட்டுத் தரேன்."

கொர்னேல் குனிந்து மறுபடி பெட்டியைத் தூக்கினான். அவனும் அக்லாயா டீச்சரிடம் பேசிப் பார்த்தவன்தான்.

சனிக்கிழமை காலையில் ஜிம்மில் மேஜை போட்டு, பெட்டி வைத்து, பையன்களின் காலுறை நாற்றம் போக ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தார்கள். சில்வியூ சுத்தமான சட்டையில் சீட்டுக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தான். முதல் ஒரு மணி நேரம் ஈ மட்டும்தான் வந்தது. அப்புறம் கால்நடை டாக்டர் வந்தார். கதவுக்குள் ஒரு காலை வைத்தவர் மேஜையில் யார் என்று பார்த்தார். அப்படியே பின்னால் போய்விட்டார். ரிவர்ஸ் எடுக்க வராமல் பரீட்சையில் இரண்டு தடவை தோற்ற மனுஷர் அவர். அன்றைக்கு ஒரு இடத்திலும் முட்டாமல் கேட் வரை பின்னாலேயே போனார்.

எல்லோரும் அப்படி இல்லை. காட்டிலாகாவில் இருந்த ஒரு பெரியவர் நேராக வந்து சில்வியூவின் தோளில் ஓர் அடி போட்டு, "எப்படிடா இருக்கே?" என்று கேட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு போய், திரையைக் கூட மூடாமல் "ஆம்" என்பதில் நங்கென்று குத்தினார். திரும்பி வரும்போது, "என் பேத்திக்கு அடுத்த மாசம் கார் சொல்லிக்குடுத்துடு, என்ன?" என்றார். சில்வியூ சரி என்றான். வேறு என்ன சொல்வது?

ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர்களுடைய சங்கடத்தைப் பார்க்கச் சில்வியூவுக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் தொழில் குரலிலேயே பேசினான். "அடையாள அட்டை. சரி. இடது பக்கம் கேபின். மெதுவா. திரும்பும்போது பின்னாடி பாரு." இரண்டு பெண்கள் பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்துவிட்டே திரும்பினார்கள்.

பதினோரு மணிவாக்கில் பக்கத்து வீட்டு சாஃப்தா அக்கா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற தலைத்துணி, கையில் அடையாள அட்டை. சில்வியூவைப் பார்த்ததும் அட்டை மெல்லப் பைக்குள் போயிற்று.

"அட, நீயா? நல்லதாப் போச்சு. உன்னைத்தான் தேடிட்டு வந்தேன்."

"என்னையா? இங்கயா?"

"ஆமா. சக்குஸ்கா தொக்கு கிண்டறேன். கத்தரிக்காயைச் சுட்டு வச்சுட்டேன். மொளகாயும் சுட்டாச்சு. போட்டு வைக்க ஜாடி பத்தலை. உங்க வீட்டுல காலி ஜாடி கிடக்குமே?"

"கீழ நிலவறையில இருக்கும் அக்கா. சாவி பூந்தொட்டிக்கு அடியில."

"தெரியும்."

"தெரிஞ்சா எடுத்துக்க வேண்டியதுதானே?"

"கேக்காம எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றவள், பெஞ்சில் உட்கார்ந்து, கத்தரிக்காய் இந்த வருஷம் விதை அதிகம் என்று டீச்சரிடம் சொன்னாள்.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாஃப்தா, ஓட்டு போடறதுன்னா போடு. இல்லைன்னா கிளம்பு. இது சந்தை இல்ல."

"அடுப்புல சட்டி இருக்கு டீச்சர், அடிப்பிடிச்சுடும்" என்று சாஃப்தா அக்கா எழுந்து போனாள்.

போனவள் சும்மா போகவில்லை. சில்வியூ சாவடியில் உட்கார்ந்திருக்கிறான், மூஞ்சிக்கு நேரே சீட்டை நீட்டுகிறான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் ஊரில் எல்லோருக்கும் அவசர வேலை முளைத்தது. சிலர் பிளம் சாராயம் காய்ச்சினார்கள். சிலர் முட்டைக்கோஸ் ஊறப்போட்டார்கள். ஆறு மாதமாகக் கதவு கழன்று தொங்கிய கோழிக்கூடுகளெல்லாம் அன்றைக்குச் சரியாயின.

மத்தியானம் மூன்று மணிக்கு அவன் தங்கை ரோதிக்கா வந்தாள்.

ரோதிக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவளுக்கும் அவள் புருஷனுக்கும் அண்ணன் வீட்டில்தான். கொர்னேல் ஊரில் இருந்தால் புளிப்பு சூப் அவன் வைப்பான். ரோதிக்கா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். அவளுடைய மகனுக்கு டூரினில் வேலை பார்த்துக் கொடுத்தவனும் கொர்னேல்தான்.

அவள் ஜாடி கேட்கவில்லை. பின்னாலும் போகவில்லை. அட்டையை மேஜையில் வைத்தாள். சில்வியூ அட்டையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"எதுக்கு வந்தே?"

"எல்லாரும் எதுக்கு வர்றாங்களோ அதுக்குத்தான்."

"எல்லாரும் வரலை."

"சர்ச்சுல சொன்னாங்க அண்ணா. புள்ளைங்க எதிர்காலம்னு சொன்னாங்க. இது உன்னைப் பத்தி இல்ல."

"பின்ன யாரைப் பத்தி?"

"அது… பொதுவா."

டீச்சர் மெல்லத் தொண்டையைச் செருமினார். சில்வியூ சீட்டைக் கிழித்துக் கொடுத்தான், முத்திரையைக் கொடுத்தான். இடது பக்கம் கேபின் என்று சொல்லவில்லை. அவள் போய்க் குத்திவிட்டு வந்து பெட்டியில் போட்டாள். முத்திரையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாளைக்கு சாப்பாடு உண்டுல்ல?" என்று கேட்டாள்.

"நாளைக்கும் நான் இங்கதான்" என்றான் சில்வியூ.

அவள் போனதும் டீச்சர், "பத்து நிமிஷம் வெளியில போயிட்டு வா" என்றார். அவன் பள்ளிக்கூட முற்றத்துக்குப் போய்க் கொர்னேலுக்குப் போன் போட்டான்.

"எங்க இருக்க?"

"ஹங்கேரி. பெட்ரோல் பங்க்குல. கக்கூஸ் வரிசையில நிக்கறேன். என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ரோதிக்கா வந்துட்டுப் போனா."

"ஓட்டுப் போட்டாளா?"

"போட்டா. பொதுவாப் போட்டாளாம்."

"அவ புள்ளை குடுத்த பார்சல் என் பின்சீட்டுல இருக்கு. தூக்கி டான்யூப் ஆத்துல போட்டுடட்டுமா?"

"என்ன இருக்கு அதுல?"

"காபி மெஷின் போல இருக்கு. கனம்."

"வேணாம்டா. மீனுக்கெல்லாம் தூக்கம் கெட்டுடும்."

கொர்னேல் சிரித்தான். அவன் சிரித்ததைக் கேட்டதும் சில்வியூவுக்கு அழுகை வந்தது. முற்றத்தில் யாரும் இல்லை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனான். டீச்சர் அவன் முகத்தைப் பார்க்காமல், பையிலிருந்து இரண்டு ஆப்பிள் எடுத்து மேஜையில் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. ஓட்டு விழவில்லை என்கிற விஷயம் பாதிரியார் இலாரியோனுக்கு எட்டிவிட்டது. பூஜை முடிந்ததும் சபையைக் கலையவிடாமல், "வாங்க, எல்லாருமா சேர்ந்து போவோம்" என்று கிளப்பினார். சர்ச்சிலிருந்து புறப்படும்போது நல்ல கூட்டம். பேக்கரி முனையில் சிலருக்கு ரொட்டி ஞாபகம் வந்தது. பாலத்தில் ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார். அவருக்குத் துணையாக நாலு பேர் நின்றார்கள். அங்கே முழங்கால் வலிக்கிற இரண்டு பெண்மணிகள் நடக்க மாட்டோம் என்றதால், பாதிரியார் திரும்பிப் போய்த் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டார்.

பாதிரியாரைப் பரீட்சையில் தேற்றிவிடச் சில்வியூ ஒரு முழு வருஷம் பாடுபட்டிருக்கிறான். தேறிய பிறகும் அவருக்குக் குறுகலான கேட் ஆகாது. பள்ளிக்கூடத்தின் கேட் குறுகலானது. நடந்தே வந்து சேர்ந்தவர்களை வழியில் இடிக்கக் கூடாது என்று அவர் ஒரு ஓரமாக ஒடித்தார். கார் ஒரு தூணுக்கும் சைக்கிள் கம்பிக்கும் நடுவில் போய்ப் பல்லிடுக்கில் மாட்டின கறித்துண்டு மாதிரி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கதவு திறக்கவில்லை. உள்ளே பெண்மணிகள் சிலுவைக்குறி போட ஆரம்பித்தார்கள்.

பாதிரியார் ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அடித்தார். கடைசியில் கண்ணாடியை இறக்கி, "சில்வியூ!" என்று கூப்பிட்டார்.

உள்ளே சில்வியூ டீச்சரைப் பார்த்தான்.

"போ" என்றார் டீச்சர். "வாசலை அடைச்சுக்கிட்டு நின்னா வாக்காளர்களுக்கு இடைஞ்சல். சட்டப்படி நான் அதை அகற்றணும்."

சில்வியூ வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். தூணைத் தடவினான். ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"சாமி, என்ன பண்ணீங்க?"

"எதையும் பண்ணலப்பா. கேட்தான் நகர்ந்துடுச்சு."

"கியரை நியூட்ரல்ல போடுங்க. ஸ்டீரிங்கை முழுசா வலது பக்கம். முழுசான்னா முழுசா சாமி, பாதியில நிறுத்தாதீங்க."

"சில்வியூ," பாதிரியார் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார், "உன் மேல தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணும் இல்ல. அது உனக்குத் தெரியணும்."

"தெரியும் சாமி. ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

"ஆனா நீ அங்க உக்காந்திருக்கறது சரியில்ல. நீ உக்காந்திருக்கறதே ஒரு பிரசாரம். ஜனங்க உன்னைப் பாத்துட்டு ஓடறாங்க."

"நான் வாயே திறக்கலையே."

"அதான் சொல்றேன். திறந்தாலாவது பதில் சொல்லிட்டு ஓட்டுப் போடுவாங்க."

"இப்ப ரிவர்ஸ் போடுங்க. கிளட்ச், சாமி."

"என்ன?"

"கிளட்ச்! கிளட்ச்! காலை எடுக்காதீங்க! கிளட்ச்!"

அந்தக் குரல் ஊருக்குப் பழக்கமான குரல். பேக்கரியில் நின்றவர்கள், பாலத்தில் நின்றவர்கள், கோழிக்கூடு ரிப்பேர் செய்தவர்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் திருவிழாக் கூட்டம். ஆளுக்கு ஆள் வழி சொன்னார்கள். கால்நடை டாக்டர், கன்றுக்குட்டியை இழுக்கிற மாதிரி பின்னாலிருந்து இழுக்கலாம் என்றார். பாதிரியார் வியர்த்து, தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, "என்னைப் பாத்துக் கத்தாதே, எது கிளட்ச்னே மறந்துபோகுது" என்றார்.

"கத்தலை சாமி. மெதுவா விடுங்க. இன்னும். இன்னும். அப்படியே. பிரமாதம்!"

கார் ஒரு பக்கக் கண்ணாடியைத் தூணில் காணிக்கையாக விட்டுவிட்டு வெளியே வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டு பெண்மணிகளும் இறங்கியதும் நேரே வீட்டுக்கு நடந்தார்கள். அவர்களுடைய முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து இத்தாலி வேன் வந்து நின்றது. கொர்னேல் இரண்டு நாள் தாடியோடு இறங்கினான். இத்தனை பேர் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் வீடு வீடாக அலையும் வேலை மிச்சம் என்று பின்கதவைத் திறந்தான். பெயர் கூப்பிட்டுப் பார்சல்களைக் கொடுக்க ஆரம்பித்தான். அப்புறம் சாவடியை யார் நினைப்பார்கள்? சோப்புத்தூள் வாங்கினவர்கள் சோப்புத்தூளோடும், காபி வாங்கினவர்கள் காபியோடும் கிளம்பினார்கள். அக்லாயா டீச்சர் ஜிம் வாசலில் வந்து நின்று, "சாவடிக்கு முன்னாடி கூட்டம் போடக் கூடாது! கலைஞ்சு போங்க!" என்று கத்தினார். அவர் சொன்னால் எங்கள் ஊரில் தட்ட மாட்டார்கள். கலைந்துவிட்டார்கள்.

பாதிரியார் மட்டும் உள்ளே வந்து தன் ஓட்டைப் போட்டார். சில்வியூ அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தான்.

ரோதிக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கடைசியாக வேன் பக்கம் வந்தாள். கொர்னேல் அந்தக் கனமான பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இந்தா. உன் புள்ளை குடுத்துவிட்டது. பொதுவா யாருக்கோ இல்ல, உனக்குத்தான்."

அவள் முகம் மிளகாய் மாதிரி ஆயிற்று. ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கொர்னேல் ஒரு தூக்குச் சட்டியையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு ஜிம்முக்குள் நடந்து, மேஜைக்கு முன்னால் நின்று, டீச்சர், சாவடிக் காவலுக்கு இருந்த போலீஸ்காரர், கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் எதிரிலேயே, "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டான்.

"போடலை" என்றான் சில்வியூ.

"நான் பக்கத்துல இல்லைன்னா நீ ரெண்டு நாள் தாங்க மாட்டே" என்று சொல்லி, சட்டியை மேஜையில் வைத்து, ஸ்வெட்டரை அவன் தோளில் போட்டுவிட்டு, ஓட்டுப் போடாமலே போய்விட்டான். போலீஸ்காரர் கூரையைப் பார்த்தார்.

சாவடியை மூடியபின் சீட்டுகளை உரக்கப் படிக்கிற வேலையும் சில்வியூவுக்குத்தான், குரல் அப்படி. "ஆம்… ஆம்… ஆம்…" என்று படித்துக்கொண்டே போனான். வந்தவர்கள் பெரும்பாலும் ஆம்தான். அதில் அவனுக்கு வியப்பில்லை. எது ரோதிக்காவுடையது என்று தேடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் தேடினான். எல்லா முத்திரையும் ஒரே மாதிரிதான் இருந்தது. இல்லை என்பது அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. ஒரு சீட்டில் முத்திரையே இல்லை. குறுக்கே பேனாவில், "எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள் சில்வியூ" என்று எழுதியிருந்தது. அதையும் அதே குரலில் படித்தான்.

"செல்லாதது" என்றார் டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆனா எழுத்துப்பிழை இல்ல" என்றார்.

எங்கள் ஊரிலும் நூற்றுக்கு முப்பது தேறவில்லை, நாட்டிலும் தேறவில்லை. வாக்கெடுப்பு செல்லாமல் போயிற்று. சில்வியூவும் கொர்னேலும் முன்பு எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இருந்தார்கள். கல்யாணமும் கிடையாது, சாசனத்தில் புது வரியும் கிடையாது. சாஃப்தா அக்கா கடன் வாங்கின ஜாடிகளில் பாதியை நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள்.

ரோதிக்கா மட்டும் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. சில்வியூவும் கூப்பிடவில்லை. கொர்னேல் ஒவ்வொரு ஞாயிறும் சூப்பைப் பழைய அளவுக்கே வைத்துவிட்டு, மிச்சமானதை முணுமுணுத்துக்கொண்டே திங்கட்கிழமையும் சாப்பிட்டான்.

பிப்ரவரியில் ஒரு நாள் டிரைவிங் ஸ்கூல் கதவைத் தட்டிக்கொண்டு ரோதிக்கா நின்றாள். அவள் புருஷனுக்குக் கண் மங்கிவிட்டது, இனி கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எனக்குச் சொல்லிக்குடுப்பியா?"

"உனக்கு என்ன வயசு?"

"உனக்குத் தெரியாதா?"

"ஏறு" என்றான் சில்வியூ.

அன்றைக்கு அவன் திட்டின திட்டை ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை. சந்தைத் திடலில் ஆரம்பித்து ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. கண்ணு எங்க இருக்கு, அந்தக் காலை வெட்டி வீசு, அது பிரேக்கு, தையல் மிஷின் இல்ல, பின்னாடி பாரு, பின்னாடி யார் வர்றாங்கன்னு ஒரு தடவையாவது வாழ்க்கையில பாத்திருக்கியா? ரோதிக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஓடைப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

சில்வியூ ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினான்.

"அண்ணா, அன்னிக்கு நான்…"

"கண்ணைத் துடை. மூடின கண்ணோட ரோட்டைப் பாக்க முடியாது."

"அண்ணா…"

"முதல்ல காபியைக் குடி."

குடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருகினாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் குதித்தது. மூன்றாவது தடவை நகர்ந்தது.

"எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"செங்கல் சூளைப் பக்கம் விடு" என்றான் சில்வியூ. "இடது பக்கம் திரும்பும்போது சிக்னல் போடு. கொர்னேல் வீட்டுலதான் இருக்கான். அவன்கிட்ட நீயே பேசிக்கோ. நான் நடுவுல வர மாட்டேன்."

ரோதிக்கா சிக்னல் போட்டாள். வலது பக்கம் போட்டாள்.